பாட்டு நிற்கிற இடம்

ஆலங்கரை மடத்துப் பாட்டில் ஓர் இடம் வரும். அங்கே எல்லாரும் நின்றுவிடுவார்கள்.

பாட்டு இதுதான்:

சுண்ணாம்பு இடிச்சோம், கடுக்காத் தண்ணி விட்டோம்,
கட்டின சுவரெல்லாம் வெள்ளை.
உள்ளே இருக்கிற சாமி, நீ
ஒருதரம் வெளியே வாயேன்.
வாசல் வரைக்கும் வந்தா, எங்க
வெந்த கையைப் பாரேன்.

‘ஒருதரம்’ என்றதும் தாளம் நிற்கும். கூட்டம் மொத்தமும் வலது கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடும். கொஞ்ச நேரம் ஈ பறக்கிற சத்தம் கூடக் கேட்கும். பிறகுதான் ‘வெளியே வாயேன்’. கல்யாண வீட்டில் நாயனக்காரர் இதை வாசித்தாலும் அந்த இடத்தில் சீவாளியை வாயிலிருந்து எடுத்து, நெற்றியில் கை வைத்துவிட்டுத்தான் மேலே போவார்.

ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சாமி வந்து உட்கார இடம் விடுகிறோம் என்பார் ஒருவர். ஆணவம் அந்த இடத்தில் அறுகிறது என்பார் இன்னொருவர். சொல்கிறபோதே கண் கலங்குகிறவர்களும் உண்டு.

பாட்டை உண்டாக்கியவர் சிற்றம்பல ஐயா. அப்போது அவர் வயதுப் பையன்களெல்லாம் பழைய பதிகங்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் மடத்துக்குச் சுவர் எழும்புகிற இடத்தில் போய் நின்று, சுண்ணாம்பு இடிக்கிற பெண்களின் மெட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார். அந்த மெட்டில் சாமியைப் பாடினார். இன்றைக்கு அந்தப் பக்கத்தில் வேறு மெட்டே இல்லை என்று ஆகிவிட்டது. தாலாட்டும் அதுதான், தேர் இழுக்கிறதும் அதுதான்.

ஐயாவுக்கு இப்போது ரொம்ப வயதாகிவிட்டது. பின்கட்டில் உட்கார்ந்திருப்பார். பாடுவதில்லை. மடத்தில் பாட்டு, தாளம், யார் எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் தலைமைச் சீடர் தாண்டவராயன் கையில். நல்ல மனுஷன். ஐயாவின் வேட்டியை வேறு யாரையும் துவைக்க விடமாட்டார்.

அந்த மடத்துக்குத்தான் சடைச்சி வந்து சேர்ந்தாள். நாற்பதைத் தாண்டியவள். அவள் அம்மா அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு இடித்தவள். இடித்தவர்கள் அந்தக் காலத்தில் உள்ளே வரக் கூடாது. இப்போது அப்படியெல்லாம் இல்லை. வரலாம், உட்காரலாம், பாடலாம். வாசலை ஒட்டி உட்காருவார்கள், அவ்வளவுதான்.

சடைச்சிக்கு ஓர் ஆசை இருந்தது. அம்மா வெயிலில் நின்று பாடின மெட்டை, அம்மா கட்டின சுவருக்குள்ளே நடு முற்றத்தில் நின்று பாட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அவள் குரலைக் கேட்டுவிட்டுத் தாண்டவராயனே சொன்னார். “இந்தப் பூசத்துக்கு நீயே முன்பாட்டுப் பாடு, சடைச்சி. நாங்க பின்னால வாங்கிக்கிடுதோம்.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பூசத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பாடிப் பார்த்தார்கள். ‘ஒருதரம்’ என்றாள். நிற்கவில்லை. ‘வெளியே வாயேன்’ என்று போய்விட்டாள். கூட்டம் நெற்றியில் கையோடு நின்றது.

தாண்டவராயன் தாளத்தைக் கீழே வைத்தார். “எங்க ஓடுத, தாயி?”

“நான் எங்க அண்ணாச்சி ஓடுதேன்? பாட்டுல்லா போகுது.”

“அந்த இடத்துல நிக்கணும்னு தெரியாதா?”

“தெரியும். வரமாட்டேங்கு. எங்கம்மா கூட உலக்கை போட்டுப் படிச்ச மெட்டு. ஒரு உரலு, ரெண்டு உலக்கை. நான் தூக்கும்போது அம்மா போடுவா, அம்மா தூக்கும்போது நான் போடுவேன். நடுவுல நின்னா உலக்கை மேல உலக்கை விழும்.”

“இது உரல் இல்ல, மடம்.”

“மெட்டு அதுதானே அண்ணாச்சி?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். தாண்டவராயன் முகம் சுருங்கிவிட்டது.

“ஐயா உண்டாக்கின இடம் அது. அதை மிதிச்சுக்கிட்டுப் போறவ இந்த முற்றத்துல நிக்க முடியாது. பூசத்தன்னைக்கு நின்னு பாடு. இல்லேன்னா வாசலோட நின்னுக்கோ.”

விஷயம் பின்கட்டுக்குப் போயிற்று. ஐயா கேட்டுக்கொண்டார்.

“அவல் திங்கணும் போல இருக்கு” என்றார்.

அடுப்படியில் உரலும் இரண்டு உலக்கையும் இருந்தன. தாண்டவராயனையும் சடைச்சியையும் எதிரெதிரே நிற்கச் சொன்னார். வறுத்த நெல்லைக் கொட்டினார்கள்.

“பாடிக்கிட்டே இடிங்க.”

இடித்தார்கள். நன்றாகத்தான் போயிற்று. ‘ஒருதரம்’ வந்தது. தாண்டவராயன் உலக்கையை உரலுக்குள் நிறுத்திவிட்டு வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். சடைச்சியின் உலக்கை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் திருப்பப் பார்த்தாள். முடியவில்லை. உலக்கையைப் பிடித்திருந்த அவருடைய இடது பெருவிரல் நசுங்கிப் போயிற்று.

“என்னப்பா ஆச்சு?” என்றார் ஐயா.

தாண்டவராயன் விரலை வாயில் வைத்துக்கொண்டே சொன்னார். “சோதனை, ஐயா. மனசு நிக்காதவ கூட நின்னா இப்படித்தான்.”

ஐயா உரலிலிருந்து ஒரு பிடி அவலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

“உமி போகல” என்றார்.

தாண்டவராயன் விரலுக்கு எண்ணெய் தேடிப் போனபிறகு சடைச்சி ஐயா காலடியில் உட்கார்ந்தாள்.

“நீங்களே சொல்லுங்க ஐயா. அங்க என்ன இருக்கு? எதுக்கு நிக்கணும்?”

ஐயா அவள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தார். முடி தொடங்குகிற இடத்தில் ஒரு பள்ளம். விரல் உள்ளே போயிற்று.

“இந்தப் பாட்டை நான் முதல்முதலா தேரடியில பாடினேன். உலக்கை போடுறவ மெட்டைச் சாமிக்குப் பாடுறானேன்னு ஒருத்தன் கல்லை விட்டான். ‘ஒருதரம்’னு சொல்லி வாய் மூடல, வந்து விழுந்துச்சு. நின்னேன். கையை வச்சுப் பார்த்தேன், ரத்தம். அப்புறம் மிச்சத்தைப் பாடினேன்.”

சடைச்சி கையை எடுக்கவில்லை.

“அதுக்குத்தானா நிக்காங்க?”

“அதுக்குத்தான்.”

“இதை நீங்க சொல்லலியா?”

“சொன்னேனே. தாண்டவராயன்கிட்டச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து அழுதான். அதுக்கு முன்னால எல்லாரும் சும்மாதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்குப் பிடிச்சுத்தான் நெத்தியில கை வைக்கவும் தொடங்கினாங்க.”

சடைச்சிக்குச் சிரிப்பு வந்தது. ஐயா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“நான் என்ன செய்யட்டும் ஐயா? நின்னா முற்றம் கிடைக்கும். நிக்கலேன்னா அதுவும் போச்சு.”

“எனக்குக் கல்லு பட்டுது, நின்னேன். உனக்கு என்ன பட்டுது?”

அவள் எழுந்து போய் உரலைக் கழுவினாள்.

பூசத்தன்று கூட்டம் மதில் வரைக்கும் நின்றது. சடைச்சி நடு முற்றத்துக்கு வந்தாள். நிற்பாள் என்றுதான் தாண்டவராயன் நம்பினார். நசுங்கின விரலில் துணி சுற்றி, அதன்மேல் தாளத்தைப் பிடித்திருந்தார்.

அவள் பாடினாள். அம்மா பாடினபடி பாடினாள். ‘கட்டின சுவரெல்லாம் வெள்ளை’ என்றபோது அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். ‘ஒருதரம்’ வந்தது. கூட்டத்தின் கைகளெல்லாம் நெற்றிக்குப் போயின. அவள் அப்படியே ‘வெளியே வாயேன்’ என்று தாண்டிப் போனாள்.

எத்தனையோ பேர் கண்ணைத் திறந்தார்கள். முணுமுணுப்பு எழுந்தது. தாண்டவராயன் தாளத்தை நிறுத்திவிட்டார். தாளம் இல்லாமலேயே அவள் போனாள். வாசல் வரைக்கும் வந்தா, எங்க வெந்த...

கல் வாயில் வந்து விழுந்தது.

அவள் நின்றாள். வாயைக் கையால் பொத்தினாள். விரல் இடுக்கு வழியே ரத்தம் வந்தது. கையை எடுத்துவிட்டு, ‘கையைப் பாரேன்’ என்று முடித்தாள். சொல் சரியாக வரவில்லை. ஆனாலும் முடித்தாள்.

தாண்டவராயன்தான் ஓடிவந்து தாங்கினார். தன் தோள் துண்டையே நனைத்துக் கொடுத்தார். அவருக்கும் கண்ணில் நீர்.

“அந்த இடத்துல நின்னிருந்தா இந்த இடத்துல பட்டிருக்குமா சொல்லு?” என்றார். “நாளையிலேர்ந்து வராத, தாயி. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

மத்தியானம் கூட்டம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சடைச்சி பின்கட்டுக்குப் போனாள். தன் மூட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள். முன் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

ஐயா அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“எந்த இடத்துல பட்டுது?”

“வெந்தங்கிற இடத்துல.”

“நின்னியா?”

“நின்னேன். மூச்சு வரல. வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன்.”

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. உள்ளுக்குள்ளேயே பாடிப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஓர் இடத்தில் உதடு நின்றது. பிறகு அசைந்தது.

“விட்டவன் யாருன்னு பார்த்தியா?”

“பார்த்தேன். வண்டிப்பட்டறை மாசானம். கெட்டவன் இல்ல ஐயா. நெத்தியில கை வச்சுக் கும்பிட்டுக்கிட்டுத்தான் நின்னான். அந்தக் கையாலதான் எறிஞ்சான்.”

முன்கட்டிலிருந்து தாண்டவராயன் பந்திக்குச் சத்தம் போடுவது கேட்டது. இன்னும் சோறு வைங்க, குழந்தைகளுக்கு முதல்ல வைங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐயா அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்.

“என் மேல விட்டது தாண்டவராயனோட அப்பன்” என்றார்.

சடைச்சி மூட்டையைக் கீழே வைத்தாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“கல்லை மட்டும்தான் சொன்னேன். பேரைச் சொல்லல. அன்னைக்கு இவனை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னான் அப்பன். எவ்வளவு நல்லாப் பாடுதான் இப்போ, பார்த்தியா?”

முன்கட்டில் யாரோ குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ‘ஒருதரம்’ என்று நிறுத்தினார்கள். குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது.

“அந்த மாசானத்துக்குப் பிள்ளைங்க உண்டா?” என்று கேட்டார் ஐயா.

“ஒரு பொம்பளப் பிள்ளை. தோள்ல உக்காந்திருந்துச்சு.”

ஐயா ஆடுகிற அவள் பல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நல்லாப் பாடும்” என்றார். “நீ நின்ன இடம் வந்ததும், வாயைப் பொத்திக்கிட்டு நிக்கும்.”