மரத்திலிருந்து "சரி" சொன்ன கொம்பையா

ஒரு காட்டில் சிலுப்பி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அந்தக் காட்டுக் குட்டிகளின் சாரணர் படைக்கு அவள்தான் தலைவி. சம்பளம் கிடையாது. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. அவளுக்கென்று ஒரு குட்டிகூடக் கிடையாது. முள்ளம்பன்றி பகலில் தூங்குகிற பிராணி என்பது உங்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒரு பகல் அந்தத் தூக்கத்தை விட்டுவிட்டு, சிவந்த கண்ணோடு ஓடைக்கரையில் வந்து நிற்பாள். அடுத்தவர் பெற்ற குட்டிகளுக்கு முடிச்சுப் போடவும், காலடித் தடம் பார்க்கவும், அடிபட்ட இடத்தில் பச்சிலை வைத்துக் கட்டவும் சொல்லிக்கொடுப்பாள்.

பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். காலையில் குட்டியைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வந்து, "ஏன் இவன் காலெல்லாம் சேறு?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

அந்த வருஷம் மழை சரியில்லை. ஓடை இளைத்துப் போய்க் கல்லெல்லாம் தெரிந்தது. கோடை முற்றுவதற்குள் சுத்தமாக வற்றிவிடும். மலைக்கு மேலே ஒரு ஊற்று இருந்தது, அது மட்டும் எந்தக் கோடையிலும் வற்றாது. கோடையில் பெரியவர்கள் இரை தேடித் திசைக்கு ஒருவராகப் போய்விடுவார்கள். தனியாக இருக்கும் குட்டிக்கு ஊற்றுக்குப் போகிற வழி தெரிந்தால் பிழைக்கும். தெரியாவிட்டால் தாகத்தில் சாகும். போன கோடையில் அப்படிச் செத்த குட்டிகளைச் சிலுப்பி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அதனால் ஓடை வற்றுவதற்குள் படையை ஊற்றுவரை நடத்திக் கூட்டிப்போய் வழி காட்டிவிட வேண்டும் என்று துடித்தாள்.

ஆனால் வழியில் ஒரு பள்ளம் உண்டு. புதர் மண்டிய இடம். அங்கே சிறுத்தை திரியும். அதற்காகப் படையில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். நடை போகும்போது முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். முன்னால் போகிறவர் விசில் ஊதுவார். கடைசியில் வருகிறவர் எல்லாக் குட்டிகளும் தனக்கு முன்னே இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "சரி" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் வந்த பிறகுதான் வரிசை நகரும். பின்னால் வர ஆள் இல்லையென்றால் நடையே கிடையாது.

சிலுப்பி வீடு வீடாகப் போய்க் கேட்டாள்.

"எனக்கு எங்கே நேரம்? புல்லே கிடைக்க மாட்டேங்குது" என்றாள் மான்.

"இது தேன் காலம், சிலுப்பி. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றது கரடி. போன வருஷமும் அதையேதான் சொன்னது.

"உனக்குப் பிள்ளையா குட்டியா, நீ பாட்டுக்கு நடப்பே. எங்களுக்கு ஆயிரம் வேலை" என்றது காட்டுப்பன்றி. அதன் குட்டிகள் ஏழு பேரும் படையில்தான் இருந்தார்கள்.

கடைசியில் கருங்குரங்கு கொம்பையா தானாகவே முன்வந்தார். காட்டில் பெரிய மனுஷர் அவர். எந்தக் கூட்டம் என்றாலும் உயரமான கிளையில் உட்கார்ந்து முதலில் பேசுவார்.

"தலைவருங்க கழுத்துல கட்டற அந்த மஞ்சள் ஸ்கார்ஃப் எனக்கும் உண்டுதானே?" என்று கேட்டார்.

"உண்டு அண்ணே. ஆனா கடைசியில நடக்கணும். தரையில நடக்கணும்."

"நடந்தா போச்சு. முதல்ல துணியைக் கட்டு. எல்லாரையும் கூப்பிடு, அவங்க முன்னாடி கட்டு."

எல்லாரையும் கூப்பிட்டுக் கட்டிவிட்டாள். அவர் சாரணர் முறைப்படி மூன்று விரலை உயர்த்தி, குட்டிகளைக் கண்ணைப்போலக் காப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். மானும் கரடியும் பன்றியும் கைதட்டினார்கள். கைதட்டுவதற்கு மட்டும் எல்லாருக்கும் நேரம் இருந்தது.

நடை போகும் நாள் வந்தது. குட்டிகள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் சுருளி என்ற எறும்புதின்னிக் குட்டி நின்றான். அவனும் பகலில் தூங்குகிற ஜாதிதான். நடையும் மெது. பத்து அடிக்கு ஒருமுறை கொட்டாவி விடுவான். சிலுப்பி அவனுக்காகத்தான் பின்னால் ஆள் வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டாள்.

கொம்பையா சிறிது தூரம் நடந்தார். புழுதி ஸ்கார்ஃபில் படிந்தது. சுருளியின் வேகத்துக்கு நடப்பது அவருக்குச் சகிக்கவில்லை. ஒரே தாவலில் மரத்தில் ஏறிக்கொண்டார்.

சிலுப்பி திரும்பி வந்து, "அண்ணே, கீழே இறங்குங்க" என்றாள்.

"மேலே இருந்தா எல்லாம் நல்லாத் தெரியும். நான் பார்த்துக்கறேன், நீ போ."

"இலை மறைக்கும். தரையில என்ன நடக்குதுன்னு தெரியாது."

"இதோ பாரு, உனக்கு ஆள் வேணும்னே, நான் வந்துட்டேன். கொம்பையாவுக்கு நீ நடக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிடிக்கலேன்னா இப்பவே வீட்டுக்குப் போயிடறேன்."

அவர் போய்விட்டால் நடை நின்றுபோகும். சிலுப்பி ஓடையைப் பார்த்தாள். இன்னும் சில நாள்கூடத் தாங்காது போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு முன்னால் போனாள். அந்த இடத்தில் குட்டிகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாதது அவள் தப்புதான், நான் மறைக்க மாட்டேன்.

விசில் ஊதினாள். மேலிருந்து கொம்பையா கம்பீரமாக "சரி" என்றார். வரிசை நகர்ந்தது. மறுபடி ஊதினாள். மறுபடி "சரி" வந்தது. குரங்கின் குரல் காடு முழுக்க எதிரொலிக்கும். அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

பள்ளத்துக்குச் சற்று முன்னால் ஒரு அத்தி மரம் பழுத்துத் தொங்கியது. கொம்பையா அதில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் கீழே சுருளியின் காலில் முள் ஏறியது. அவன் உட்கார்ந்து, "மாமா, முள்ளு" என்று கூப்பிட்டான். சின்னக் குரல். மாமாவின் காதில் விழவில்லை. மாமா பழத்தின் மேல் கவனமாக இருந்தார். வரிசை போய்க்கொண்டே இருந்தது.

பள்ளத்தின் விளிம்பில் நின்று சிலுப்பி விசில் ஊதினாள். வாய் நிறையப் பழத்தோடு கொம்பையா "சரி" என்றார்.

குட்டிகள் பள்ளத்தில் இறங்கினார்கள். பாதி தூரம் போனதும், சுருளிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த மான்குட்டி திரும்பிப் பார்த்தது.

"அக்கா, சுருளியைக் காணோம்."

சிலுப்பியின் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. மேலே பார்த்தாள். அதற்குள் தாவி வந்துவிட்ட கொம்பையா கிளையில் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சுருளி எங்கே?"

"பின்னாடி வருவான். எங்கே போயிடப் போறான்?"

"'சரி'ன்னு சொன்னீங்களே!"

"நீ ஊதினா நான் 'சரி' சொல்லணும். அதானே சட்டம்? நீ ஊதினே, நான் சொன்னேன்."

இந்தப் பதிலைக் கேட்டு உங்களுக்குக் கை பரபரக்கவில்லையா? எனக்குப் பரபரக்கிறது. சிலுப்பிக்குத் திட்டக்கூட நேரமில்லை. குட்டிகளை ஒருவர் முதுகோடு ஒருவர் முதுகு ஒட்டி வட்டமாக நிற்கச் சொன்னாள். "அண்ணே, கீழே வந்து இவங்ககூட நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினாள்.

சுருளி பந்தாகச் சுருண்டு கிடந்தான். சிறுத்தை அவனை முன்னங்காலால் உருட்டி, ஓட்டுக்கு நடுவே நகத்தை விட்டு நெம்பிக்கொண்டிருந்தது. ஒரு செதில் பெயர்ந்து இரத்தம் வந்திருந்தது. சிலுப்பி யோசிக்கவே இல்லை. முள்ளை விரித்துக்கொண்டு, முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே பாய்ந்து சிறுத்தையின் மூஞ்சியில் மோதினாள். சிறுத்தை அலறிக்கொண்டு அவள் பின்னங்காலைப் பிய்த்தது. அவள் விடவில்லை, மறுபடி மோதினாள். மூக்கிலும் காலிலும் முள் தைத்த சிறுத்தை புதருக்குள் ஓடிப்போனது.

"எழுந்திரு கண்ணு, அக்கா வந்துட்டேன்" என்றாள். சுருளி வெகுநேரம் விரியவே இல்லை. பிறகு மெதுவாக மூக்கை வெளியே நீட்டி அழுதான்.

இருவரும் நொண்டிக்கொண்டு பள்ளத்துக்கு வந்தார்கள். குட்டிகள் வட்டம் கலையாமல் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லை. கொம்பையா கிளை கிளையாகத் தாவித் திரும்பிப் போய்விட்டிருந்தார். ஊற்றைப் பார்க்காமலே படை திரும்பியது.

ஓடைக்கரைக்கு வந்தபோது அங்கே ஒரே கூட்டம். நடுவில் உயரமான கிளையில் கொம்பையா இருந்தார்.

"சிறுத்தை பாய்ஞ்சுது. நான் மேலே இருந்து ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, அப்படியே மிரண்டு ஓடிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் இல்லேன்னா இன்னிக்கு என்ன ஆகியிருக்கும்" என்று கரடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டது.

சிலுப்பி இரத்தம் ஒழுகும் காலோடு வந்து நின்றாள். கால் எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்கவில்லை.

"பெத்திருந்தா தெரியும் பிள்ளை அருமை" என்றாள் மான்.

"பொறுப்புன்னு எடுத்தா ஒழுங்கா செய்யணும். முடியலேன்னா விட்டுடணும்" என்றது கரடி.

"பேசாம படையைக் கலைச்சிடலாம்" என்றது காட்டுப்பன்றி.

சிலுப்பிக்கு அன்றுதான் வாய் திறந்தது.

"கலைங்க. தாராளமா கலைங்க. நான் வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கறேன். கோடையில தாகத்துல விழுந்து கிடக்கப் போறது என் பிள்ளை இல்லை, உங்க பிள்ளைங்க. உங்க வாசல்ல வந்து எத்தனை தடவை நின்னேன்? பின்னாடி நடக்க ஒரு ஆள் கேட்டேன். காசு கேட்டேனா? மாலை கேட்டேனா? ஒருத்தரும் வரலை. இப்ப குறை சொல்ல மட்டும் எல்லாரும் வந்திருக்கீங்க. நான் செஞ்ச தப்பு ஒண்ணே ஒண்ணு. ஆள் கிடைச்சா போதும்னு இந்த மனுஷனைச் சேர்த்தேன். அதுக்கு என் காலை வெட்டிக்கிட்டாலும் தகும்."

கூட்டம் முணுமுணுத்தது. அதற்குள் சுருளியின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பகலில் எழுந்து வந்ததால் அவள் கண் கூசியது. எல்லாரும் வழி விட்டார்கள். செத்துப் பிழைத்தது அவள் பிள்ளை, சிலுப்பியைக் கிழிக்கப் போகிறாள் என்று ஆவலோடு காத்திருந்தார்கள்.

அவள் சுருளியின் காயத்தைப் பார்த்தாள், நடந்ததை அவன் விம்மிக்கொண்டே சொல்லக் கேட்டாள். சிலுப்பியின் காலைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"கொம்பையா அண்ணே, மேலே இருந்து எல்லாத்தையும் பார்த்தேன்னு சொல்றீங்க. என் பிள்ளை முள்ளு குத்தி உட்கார்ந்து கூப்பிட்டானே, அதைப் பார்த்தீங்களா?"

கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பார்க்காமலேதான் 'சரி' சொன்னீங்க. அந்தத் துணியைக் கழட்டிக் கொடுங்க."

"அதெல்லாம் முடியாது, எனக்குக் கட்டினது" என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டார்.

சுருளியின் அம்மா அவரை விட்டுவிட்டாள். சிலுப்பியிடம் திரும்பினாள்.

"நீ கேட்டு வந்தப்போ நானும் தூக்கம்னு சொல்லிப் படுத்துட்டேன். நீ மட்டும் தூங்காதவளா? அடுத்த நடை எப்போ? பின்னாடி நான் வரேன்."

"உனக்குக் கட்டத் துணிகூட இல்லையே" என்றாள் சிலுப்பி.

"துணியா நடக்கப் போகுது?"

கால் ஆறுவதற்குள் நடை கிளம்பியது. காத்திருக்க ஓடை விடவில்லை. சிலுப்பி நொண்டிக்கொண்டு முன்னால் போனாள். சுருளியின் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியில், புழுதியில் நடந்தாள். கொம்பையா சும்மா இருந்தாரா? ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு மரத்தின் மேலேயே கூட வந்தார். ஊற்றைக் காட்டிய பெருமையில் தனக்கும் பங்கு வேண்டுமாம்.

பள்ளத்தின் விளிம்பில் சிலுப்பி விசில் ஊதினாள்.

உடனே மேலிருந்து, "சரி! போங்க, போங்க" என்று கணீரென்று குரல் வந்தது.

ஒரு குட்டியும் காலை எடுத்து வைக்கவில்லை. கொம்பையாவின் சொந்தக் குட்டி வரிசையின் நடுவில் நின்றது. அதுகூட அப்பாவை அண்ணாந்து பார்க்காமல், பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. கொம்பையா மறுபடியும் "சரி" என்றார். இன்னும் சத்தமாக ஒருமுறை சொன்னார். வரிசை அசையவில்லை. அவருடைய முகம் சுருங்கிப்போனது.

கொஞ்ச நேரம் கழித்து, பின்னால் புழுதிக்குள்ளிருந்து சுருளியின் அம்மா மூச்சு வாங்கச் சொன்னாள்:

"பார்த்துட்டேன். எல்லாரும் இருக்காங்க. சரி."

வரிசை நகர்ந்தது. அன்று மத்தியானம் ஒரு குட்டி குறையாமல் எல்லாரும் ஊற்றில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தார்கள்.

பிள்ளைகளைக் காப்பேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர்களுக்குப் பின்னால் தரையில் நடக்க வேண்டும். நடக்காதவருக்கு அந்தப் பட்டமும் கிடையாது, நடக்கிறவரைக் குறை சொல்லும் உரிமையும் கிடையாது.