குளியலறைக்குள் ஒரு சாட்சி

ஒரு கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம். உள்ளே, கொலை மிரட்டலைக் காதால் கேட்ட சாட்சி. வெளியே, மிரட்டியவன். ஆனால் அவன் யாரையும் மிரட்டவே இல்லை. என்ன சொன்னால் கதவு திறக்கும்?

யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

மாதம் ஒரு துப்பறியும் நாவல் எழுதுபவர் எஸ்தர். அவரிடம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவன் முபாரக்.

“அக்கா, என் துப்பறிவாளன் நக்கலாத்தான் பேசுறான். ஆனா யாருக்கும் சிரிப்பு வரலை.”

“வாய்விட்டுப் படி.”

எந்த வசனத்தையும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அந்த வீட்டு வழக்கம்.

முபாரக் எழுதிய தாளோடு எழுந்து நின்று, குரலைக் கனமாக்கினான்.

“அசையாதே! பார்த்ததைச் சொல்லாவிட்டால் உன் நாக்கு உன்னிடம் இருக்காது. என் துப்பாக்கி காலையிலிருந்து பட்டினி!”

கூடத்தில் ஏதோ விழுந்தது. குளியலறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

இருவரும் ஓடினார்கள். தரையில் ஒரு கிண்ணம், சிதறிய கேசரி. பக்கத்து வீட்டு ஓவியா கொண்டுவந்தது. அவளுக்கு வயது ஏழு.

முபாரக் கதவைத் தட்டினான்.

“பாப்பா, அது சும்மா கதை! நான் ரொம்ப நல்லவன்மா!”

“கெட்டவங்க அப்படித்தான் சொல்லுவாங்க!”

அழுகை பெரிதானது. பிறகு ஏறி நிற்க வாளியைக் கவிழ்க்கும் சத்தம், ஜன்னல் பக்கமிருந்து. அது மூன்றாவது மாடி. அந்த ஜன்னலுக்குக் கம்பி கிடையாது.

“உடைச்சிடட்டுமா அக்கா?”

எஸ்தர் தலையை ஆட்டி மறுத்தார். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார். அவனும் உட்கார்ந்தான்.

“முபாரக், பயமா இருக்கா?”

“கை நடுங்குதுக்கா.”

“சத்தமாச் சொல்லு.”

“கை நடுங்குது! இப்ப யாராவது தண்ணி கொடுத்தா, சட்டைதான் குடிக்கும்!”

வாளிச் சத்தம் நின்றது.

“அங்கிள்கிட்ட துப்பாக்கி இருக்கா?” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

“எனக்கா? பலூன் வெடிச்சாலே நான் கட்டிலுக்கு அடியில போயிடுவேன்.”

“நிஜமாவா?”

“போன வாரம் போனேன். அங்க ஏற்கெனவே பூனை இருந்துச்சு. தள்ளிப் படுன்னேன். அது தள்ளவே இல்லை.”

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு.

எஸ்தர் கண்களை மூடி, நீளமாக மூச்சு விட்டார்.

முபாரக் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். அதை மெதுவாகத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலே வைத்தான்.

“அக்கா, பேனா இருக்கா? என் துப்பறிவாளனையும் கட்டிலுக்கு அடியில அனுப்பணும்.”

தாழ்ப்பாள் விலகியது. நனைந்த பாவாடையோடு ஓவியா வெளியே வந்தாள்.

“கேசரி கொட்டிடுச்சு. அம்மா திட்டுவாங்க.”

“எங்கள்ல ஒருத்தர் துணைக்கு வர்றோம். நான் வரட்டுமா, இந்த அங்கிள் வரட்டுமா?” என்றார் எஸ்தர்.

ஓவியா முபாரக்கின் கையைப் பிடித்தாள்.