பதுக்க முடியாத சாப்பாடு

வெகு காலத்துக்கு முன்னால் வெள்ளாறை நாட்டைச் செங்கோடன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது பேச்சுக்குத்தான். பாதி நாள் சொந்தத் தம்பியோடு எல்லைச் சண்டையிலேயே கழிந்தது. சண்டை அண்ணன் தம்பிக்குள், வீடு எரிந்ததென்னவோ ஊராருக்கு. தப்பித்த குடும்பங்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, ஆற்றுக்கு அக்கரையில், இரண்டு படைகளுக்கும் நடுவே ஒரு புளியந்தோப்பில் கிடந்தன.

மந்திரி ஆதனார் மன்றாடியதால் ராஜா இரண்டு முறை அரிசி அனுப்பினான். ஒரு பிடிகூடத் தோப்புக்குப் போய்ச் சேரவில்லை.

"வழியில் எதிரி பறித்துக்கொண்டான், மகாராஜா" என்றார் களஞ்சிய அதிகாரி கோளரியார். ஆதனாரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"அப்படியானால் இனி அரிசியே கிடையாது!" என்று கத்தினான் ராஜா.

"பிள்ளைகள் புளியங்கொழுந்தைத் தின்கின்றன, மகாராஜா" என்றார் ஆதனார்.

"மந்திரியார்தான் பெரிய கெட்டிக்காரர் ஆயிற்றே! காவல் இல்லாமல் அவரே கொண்டுபோய்ச் சேர்க்கட்டுமே" என்று எடுத்துக்கொடுத்தார் கோளரியார்.

ராஜாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "சரிதான்! சேர்த்துவிட்டால் கேட்டதைத் தருகிறேன். தவறினால் உம்முடைய முத்திரை மோதிரம் கோளரியாருக்கு."

மோதிரம் போனால் போகட்டும். பிள்ளைகள் போய்விடுமே என்றுதான் ஆதனாருக்குப் பதறியது. அரிசி மூட்டையைப் பறிக்கலாம், பதுக்கலாம், விலை ஏறும்வரை பூட்டி வைக்கலாம். பதுக்க முடியாத சாப்பாடு எது? யோசித்தபடியே வெளியே வந்தவரின் காதில் மாரியம்மன் கோயில் பம்பைச் சத்தம் விழுந்தது. அது ஆடி மாதம். விடுவிடுவென்று சபைக்குத் திரும்பினார்.

"கேழ்வரகு மாவும் பானைகளும் கொடுங்கள், மகாராஜா. தோப்பில் அம்மனுக்குக் கூழ் வார்க்கப்போகிறேன்."

சபை குலுங்கிச் சிரித்தது. "வேலை போனபிறகு பிழைக்க வேண்டாமா? மந்திரியார் இப்போதே பழகிக்கொள்கிறார்" என்றார் கோளரியார்.

மறுநாள் காலை, வேப்பிலை கட்டிய பானைகள் வண்டி வண்டியாகப் பம்பை முழங்கக் கிளம்பின. ராஜாவின் படை வழிவிட்டது. மறிக்க வந்த தம்பியின் படையும் வழிவிட்டது. அவர்களுக்கும் அதே அம்மன்தானே! ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மேட்டில் வண்டியைத் தள்ளியும் விட்டார்கள். தோப்பில் பிள்ளைகள் வயிறாரக் குடித்தன. ஆதனார் யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி இரண்டு வண்டிகள் மட்டும் வந்து சேரவில்லை. ஆற்றுத்துறைச் சாவடிக்குக் கோளரியாரின் மைத்துனன்தான் அதிகாரி. "மேலே கூழ், அடியில் அரிசி. அந்த ஆள் தந்திரக்காரன், நம்மிடமா?" என்று அவற்றை மடக்கி, திறந்துகூடப் பார்க்காமல் கோளரியாரின் கிடங்கில் தள்ளிப் பூட்டிவிட்டான்.

அரிசி என்றால் வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கும். கூழ் கிடக்குமா? வெக்கையில் புளித்தது, பொங்கியது, நுரைத்துக் கதவிடுக்கு வழியே தெருவுக்கு வந்தது. சில நாள் கழித்து, மந்திரியும் கோளரியாரும் கூட வர, அந்தப் பக்கம் பல்லக்கில் போன ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"என்னய்யா இது நாற்றம்? உடையுங்கள் பூட்டை!"

உள்ளே புளித்த கூழ். அதன் பின்னால் கூரை முட்ட, அரண்மனை முத்திரையோடு, 'எதிரி பறித்த' அரிசி மூட்டைகள். ராஜா கோளரியாரைப் பார்த்தான். கோளரியார் தரையைப் பார்த்தார்.

"கேளும் மந்திரி, என்ன வேண்டும்?"

சண்டையை நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தார் ஆதனார். ராஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டார். "மூட்டைகள் இன்றே தோப்புக்குப் போகட்டும். அந்த ஜனங்கள் வீடு திரும்பும்வரை தினமும் கூழும் போகட்டும். முதல் பானையைக் கோளரியார் சுமக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான் ராஜா.

மறுநாள் தலையில் பானையோடு தோப்புக்கு வந்த கோளரியாரை அங்கே யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்க பசி தெரிஞ்சு சுமந்துக்கிட்டு வந்தீங்களே சாமி! நீங்க நல்லா இருக்கணும்."

தலையில் பானை இருந்ததால் கோளரியாரால் தலை குனியவும் முடியவில்லை.