துரைக்குத் தினம் சோறு

"சாமி, எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தி நாலு மாசமாச்சு. திரும்பப் போடவா, வேண்டாமா?" என்று கேட்டார் மாசிலாமணி.

குருவுக்கு மௌனசாமி என்று பெயர். நாள் முழுக்கத் தொணதொணவென்று பேசுவார். கேள்வி கேட்டால் மட்டும்தான் மௌனம்.

மாசிலாமணி விடவில்லை. முன்பு லாரி ஓட்டியவர், இப்போது சிறுமலை மடத்தில் சமையல். குருவைவிடப் பதினைந்து வயது மூத்த சீடர்.

"எட்டு வருஷம் முழுங்கினேன். ரத்தத்துல கிருமி தென்படலைன்னு டாக்டரே சொன்னாரு. இல்லாத கிருமிக்கு எதுக்கு தினம் மாத்திரைன்னு விட்டுட்டேன். இப்ப பத்து நாளா காய்ச்சல். பயமா இருக்கு சாமி."

மௌனசாமி வாசலைப் பார்த்தார். மடத்து நாய் துரை அங்கே மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"இவன் இங்க எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்! குரங்கு விரட்டன்னு கொண்டு வந்தோம். ரெண்டு வருஷமா ஒரு குரங்கு இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. இவன் மூணு வேளையும் தின்னுட்டுத் தூங்குறான்."

"அப்ப கீழே டீக்கடையில விட்டுட்டு வாங்க."

மாசிலாமணிக்கு ஏக சந்தோஷம். அப்போதே விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை குரங்குகள் குடும்பத்தோடு வந்தன.

வாழைத்தார் போயிற்று. ஊறப்போட்ட உளுந்து போயிற்று. மௌனசாமி குளித்துவிட்டு வந்து பார்த்தால், கொடியில் காய்ந்த ஒரே காவி வேட்டியும் இல்லை. பெரிய குரங்கு ஒன்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தது.

மௌனசாமி துண்டோடு மரத்தடியில் நின்றார்.

"ரெண்டு வருஷமா இதெல்லாம் எங்க இருந்துச்சு?"

"எங்க போகும்? காட்டுலதான் இருந்திருக்கும்!" என்று எரிந்து விழுந்த மாசிலாமணி, கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப கிருமியும் எங்கேயும் போகலை. ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறது? நாலு மாசம் எங்க போயிருந்தீங்கன்னு அங்க ஆலோசனை சொல்ற கவுன்சிலிங் பொண்ணு கேக்குமே. ஒரு நாள் தவறாம மாத்திரை போடுறவருன்னு என்னைத்தானே எல்லாருக்கும் காட்டுச்சு?"

காய்ச்சலைவிட அந்த வெட்கம்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

கேள்வி ஆயிற்றே. மௌனசாமி டீக்கடைப் பக்கம் கையை மட்டும் காட்டினார்.

மாசிலாமணி இறங்கிப் போய்த் துரையைக் கூட்டி வந்தார். துரை ஒரே ஒரு தடவை குரைத்தது. வேட்டி கீழே விழுந்தது. கூட்டம் மொத்தமும் காட்டுக்குள் ஓடியது. துரை பழைய இடத்தில் மல்லாந்தது.

மௌனசாமி வேட்டியைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"நேத்து எங்கடா போயிருந்தேன்னு ஒரு குரங்காவது இவனைக் கேட்டுச்சா?"

மாசிலாமணி உள்ளே போனார். துரைக்குச் சோறு வைத்தார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

"அடுத்த பஸ் எத்தனை மணிக்கு சாமி?"

மௌனசாமி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் இறங்கி நடந்தார்.