கொக்கி மாட்டாத தங்கக் கச்சை

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டைக் குமுதசேகரன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். தங்கமான மனசு. ஆனால் காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மாற்றுவார், மாற்றியதைச் சாயங்காலம் மறந்தே போவார். கூடவே ஆளும் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே போனார்.

அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம். இரவில் சாமத்துக்குச் சாமம் கோட்டைக் காவலன் மணி அடித்து, "அரசே, விழித்திருக்கிறீர்களா?" என்று கேட்பான். ராஜா சன்னலில் வந்து நின்று, "விழித்திருக்கிறேன், ஊர் உறங்கட்டும்" என்று குரல் கொடுக்க வேண்டும். எதிரிப் பயம் இருந்த பாட்டனார் காலத்து ஏற்பாடு அது. எதிரிகள் எல்லாம் சம்பந்திகளாகிவிட்ட பிறகும் மணி மட்டும் நிற்கவில்லை. எழுந்த மனுஷர் சும்மா படுப்பாரா? முதல் மணி அடித்ததும் முறுக்கு, அடுத்த மணி அடித்ததும் அதிரசம் என்று பகலில் சுட்டு வைத்த பலகாரத் தட்டுகள் மேலே போய்க் காலியாகத் திரும்பும்.

ஆடிப்பெருக்கன்று ராஜா முன்னோருடைய தங்கக் கச்சையை இடுப்பில் பூட்டிக்கொண்டுதான் ஆற்றுக்குப் பூசை செய்ய வேண்டும். அந்த வருஷம் ஐம்பது நாள் முன்னதாகவே கட்டிப் பார்த்தார். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. மூச்சை இழுத்துப் பிடித்தார், இரண்டு பேர் முட்டுக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

இதற்கு யார் காரணம் என்று ராஜா சபையில் கர்ஜித்தார். ஆஸ்தான ஆலோசகர் ஏகாம்பரர் எழுந்தார். மடைப்பள்ளித் தலைவி செங்கமலத்தின் மேல் அவருக்கு வெகுநாள் புகைச்சல். அவர் ஓலை ஓலையாக எழுதி வந்து சொல்லும் யோசனையைக் கேட்டுவிட்டு, ராஜா சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, "நீ என்ன சொல்கிறாய், செங்கமலம்?" என்று கேட்டால் புகையாதா?

"மன்னா, அவளுடைய கரண்டியைப் பிடுங்கி ஊரைவிட்டு அனுப்புங்கள். கச்சை தானாகப் பூட்டிக்கொள்ளும்" என்றார் ஏகாம்பரர்.

தூக்கமில்லாத எரிச்சலில் ராஜாவும் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்.

செங்கமலம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். இருபது வருஷமாக அந்த அடுப்படிதான் அவளுக்கு வீடு, வாசல், சொந்தம் எல்லாம். கண் கலங்கியது. நாக்கு கலங்கவில்லை.

"மகாராஜா, உங்களுக்குப் போடுகிற அதே சோற்றைத்தான் நானும் வயிறார உண்கிறேன். என்னைப் பாருங்கள்."

முருங்கைக்காய் மாதிரி இருந்தாள். சபை சிரித்தது.

"ஒரே ஒரு வித்தியாசம். நான் ராத்திரி தூங்குகிறேன், நீங்கள் தூங்குவதில்லை. முழித்திருக்கிற வயிறு இதுவும் பகல்தான் என்று நினைத்துத் தீனி கேட்கிறது. மறுநாள் உடம்பு அசந்துபோய்க் குதிரையை விட்டுவிட்டுப் பல்லக்கு கேட்கிறது."

"தூங்கினால்தான் உடம்பு ஊதும். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்" என்றார் ஏகாம்பரர். "ஆடிப்பெருக்கு வரை ஒரு மண்டலம் முழுக்க ராஜாவுக்குப் பதிலாக நான் விழித்திருக்கிறேன். என் இடுப்பு ஒரு நெல்லளவு கூடுகிறதா பாருங்கள்."

செங்கமலம் காத்திருந்த வார்த்தை அதுதான். "அப்படியே செய்யட்டும் மகாராஜா. நீங்கள் மணியோசை எட்டாத நந்தவனத்து மண்டபத்தில் உறங்குங்கள். இவர் உங்கள் சன்னலில் நின்று குரல் கொடுக்கட்டும். இவருக்கும் உங்களுக்கும் ஒரே மடைப்பள்ளிச் சாப்பாடு, நான் ஒரு பருக்கைகூடக் குறைக்க மாட்டேன். கொக்கி மாட்டாவிட்டால் கரண்டியை வைத்துவிட்டுப் போகிறேன்."

ராஜாவின் சன்னலில் நின்று ஊருக்கே குரல் கொடுப்பது என்றால் ஏகாம்பரருக்குக் கசக்குமா? அதற்குச் சாஸ்திரத்தில் இடமுண்டு என்று அவரே இரண்டு சுலோகம் சொன்னார். ராஜா கொட்டாவி விட்டபடி சம்மதித்தார்.

ஏகாம்பரர் முதல் இரண்டு இரவு கம்பீரமாக முழங்கினார். மூன்றாம் இரவு முறுக்குக்குச் சொல்லி அனுப்பினார். பத்தாம் இரவு பாயசம் கேட்டார். பகலில் சபையில் உட்கார்ந்தபடியே சாய்ந்தார், தான் எழுதிய ஓலையோடு தானே சண்டை போட்டார். ராஜாவோ விடிந்தும் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. வேண்டாம் என்று இரண்டு இட்டிலியை மிச்சம் வைத்தார். குதிரையைக் கொண்டு வரச் சொன்னார். காலையில் போட்ட உத்தரவு சாயங்காலமும் உத்தரவாகவே இருந்ததைப் பார்த்து மந்திரிகள் கொஞ்சம் பயந்துகூடப் போனார்கள்.

ஆடிப்பெருக்கு வந்தது. ஆற்றங்கரையில் ஊரே கூடி நின்றது. செங்கமலம் தன் துணி மூட்டையையும் கையோடு கொண்டு வந்திருந்தாள். ராஜா கச்சையைச் சுற்றினார். 'டக்' என்று கொக்கி விழுந்தது.

"இப்போது ஏகாம்பரர் தம்முடைய கச்சையைக் கட்டட்டும்" என்றார் ராஜா.

அவருடைய பட்டுக் கச்சை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. சோற்றில் இவள் ஏதோ கலந்துவிட்டாள் என்று முனகினார்.

"ஒரே பானைச் சோறு ஐயா, மூன்று பேரும் உண்டோம்" என்றாள் செங்கமலம்.

ராஜா தண்டனை சொன்னார். ஏகாம்பரர் ஒரு மண்டலம் செங்கமலத்தின் கையால் சாப்பிட்டு, விளக்கு வைத்ததும் படுத்துவிட வேண்டும். தண்டனையைக் கேட்க ஆளில்லை. அவர் கரையில் நின்ற தேரின் சக்கரத்தில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். செங்கமலம் தன் மூட்டையை அவர் தலைக்கு அணையாக வைத்துவிட்டு வந்தாள்.

ராஜாவுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. "உன்னைப் போகச் சொன்ன வாய் இது. மன்னித்துவிடு. என்ன வேண்டும், கேள்."

"மணி இருக்கட்டும் மகாராஜா. பதிலை மட்டும் மாற்றுங்கள்."

அன்று முதல் காவலன் ஊரைப் பார்த்து, "விழித்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். நாளுக்கு ஒரு தெருவாக முறை வைத்து, "நாங்கள் விழித்திருக்கிறோம், ராஜா உறங்கட்டும்" என்று சொல்ல ஏற்பாடு. ஆனால் முதல் நாள் முறைக்காரத் தெரு மட்டும் சொல்லவில்லை, ஊரே சேர்ந்து சொன்னது. கேட்க வேண்டிய ராஜாதான் நல்ல தூக்கத்தில் இருந்தார்.