தாகமில்லாத தெரு

முன்னொரு காலத்தில், மூன்று வருடமாக மழை எட்டிப் பார்க்காத ஒரு நாட்டை ஆண்ட ராஜாவுக்கு விபரீத ஆசை ஒன்று பிடித்தது. நாளைக்கு ஊர் எத்தனை குடம் தண்ணீர் குடிக்கும் என்பது இன்றைக்கே தெரிய வேண்டும். அதற்கு மேல் ஏரியிலிருந்து ஒரு சொட்டு இறங்கக்கூடாது.

"நாலாயிரம் குடம்," என்றார் நீர்க்கணியர் வச்சிரநாதர்.

மறுநாள் சாயங்காலம் மதகடியில் பார்த்தார்கள். நூறு குடம் பிடிக்கும் அளவுத்தொட்டி சரியாக நாற்பது முறை நிரம்பி வடிந்திருந்தது. அடுத்த நாளும் அதே. ஒரு மாதம் பிசகவில்லை. ராஜா பூரித்துப்போனார்.

விகடகவி அம்பலத்தாடிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சுடுமண் குழாயில் தண்ணீர் முதலில் அரண்மனைக்குப் போகும். பிறகு பெரிய வீதிகள். கடைசியில் அவன் குடியிருந்த கோடித்தெரு. நாற்பதாவது தொட்டி வடிந்ததும் கணியரின் ஆட்கள் மதகை அடைத்துவிடுவார்கள். அதற்குள் கோடித்தெரு ஒரு நாளும் நனைந்ததில்லை. ஜனங்கள் குட்டைச் சேற்றை வடிகட்டிக் குடித்தார்கள். வாந்திபேதி. பதினோரு நாளில் ஒன்பது பாடை.

இப்போது அவனுடைய அக்காள் பூங்காவி பாயில் கிடந்தாள். "நல்ல தண்ணி குடு. வேற மருந்து கிடையாது," என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அம்பலத்தாடி ஒளித்துக் கொண்டுவந்த ஒரு செம்புத் தண்ணீரையும் காவலர்கள் பிடுங்கிக் கொட்டினார்கள். தெரு விட்டுத் தெரு தண்ணீர் தூக்கத் தடை.

சபைக்குப் போனான். "பிரபு, கணியர் கணக்கில் கோடித்தெரு விட்டுப்போயிருக்கிறது."

வச்சிரநாதர் மீசையைத் தடவினார். "விகடம் பேசுகிற வாய் கணக்கும் பேசுகிறதே. நாளைய தேவையை விகடகவியே சொல்லட்டும், பிரபு. ஒரு குடம் கூடினாலும் குறைந்தாலும் தலை போகும்."

ராஜாவுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. "சொல், அம்பலத்தாடி."

"நாலாயிரம்."

"கணியர் மென்று துப்பியதைத் தின்கிறான் பாருங்கள்," என்றது ஒரு குரல். சபை குலுங்கியது.

"நாளை ஒரு நாள் மதகும் குழாய் அடைப்புகளும் என் பொறுப்பில் வேண்டும், பிரபு. போகிற தலை என்னுடையதாயிற்றே."

ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

விடிந்தது. அம்பலத்தாடி முதலில் அரண்மனைக் குழாயைக் களிமண் வைத்து அடைத்தான். பிறகு பெரிய வீதிகளை. ஏரித் தண்ணீர் முழுக்கக் கோடித்தெருவுக்குப் பாய்ந்தது. முதல் குடத்தோடு வீட்டுக்குள் ஓடினான்.

"அக்கா, தண்ணி வந்துருச்சு. வாயைத் தொற."

பூங்காவி திறக்கவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது.

குடத்தைத் தலைமாட்டில் வைத்தான். மதகுக்குத் திரும்பி நடந்தான். எண்ணிக்கை தப்பினால் பத்தாவது பாடையோடு நிற்காது. கோடித்தெரு நிரம்பியபின் அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று கீழிருந்து மேலாகத் திறந்தான். நாற்பதாவது தொட்டி வடிந்ததும் மதகை இறக்கினான். அரண்மனையில் நேற்றைய மீதியை யானைகள் காலையிலேயே உறிஞ்சியிருந்தன.

சாயங்காலம் ராஜாவின் உதடு வெடித்திருந்தது. "உன் கணக்கு பொய்யடா."

"மதகடியில் தொட்டி எண்ணும் அளவுக்காரரைக் கேளுங்கள், பிரபு. நாலாயிரம். ஒரு குடம் பிசகவில்லை."

"எனக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லையே."

"அப்படியானால் தங்களுக்குத் தாகமில்லை. கிடைக்காதவனுக்குத் தேவையும் இல்லை. இது கணியர் போட்டுக் கொடுத்த கணக்கு."

வச்சிரநாதர் துள்ளி எழுந்தார். "மோசடி, பிரபு. ஊரின் தேவை நாலாயிரத்துக்கும் மேல்."

"எவ்வளவு மேல், கணியரே?" என்றான் அம்பலத்தாடி.

கணியர் நாக்கைக் கடித்துக்கொண்டார். காலிக்குடங்களை அவர் எண்ணியதே இல்லை.

ராஜா சிரித்தார். வறண்ட தொண்டையில் சிரிப்பு இருமலாக உடைந்தது. "இனி ஒவ்வொரு தெருவிலும் சாயங்காலம் காலிக்குடத்தை எண்ணுங்கள். மறுநாள் கணக்கு அதிலிருந்து பிறக்கட்டும். அரண்மனைக் குழாய் கடைசியில் திறந்தால் போதும். அம்பலத்தாடி, என்ன வேண்டுமோ கேள்."

"ஒரு தோள் வேண்டும், பிரபு. வீட்டில் அக்காள் கிடக்கிறாள். பாடை தூக்க நாலு பேர் வேண்டும். கோடித்தெருவில் எழுந்து நடக்கிற ஆண்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர்தான்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. அவர் பார்வை மெல்ல நகர்ந்து வச்சிரநாதர் மேல் போய் நின்றது. கணியர் தலைப்பாகையை அவிழ்த்தார். செருப்பைக் கழற்றினார்.

பூங்காவி ஒன்றும் கனமில்லை. இருந்தும் சுடுகாடு போய்ச் சேர்வதற்குள் கணியர் மூன்று முறை தோள் மாற்றினார்.