சுடருக்குச் சொன்ன சொல்

அந்தக் காலத்தில் நெருப்புக்கும் வாய் இருந்தது. சாதாரண வாயா? அந்தி சாய்ந்து திரியில் ஏறி உட்கார்ந்தால் எண்ணெய் தீரும்வரை ஊர்க்கதை பேசும். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒச்சம்மா வீட்டு அகல்சுடர்தான் மூத்தது. மற்ற வீட்டு அடுப்புகளெல்லாம் அதில் பற்றவைத்தவை.

ஒச்சம்மா பிள்ளை பெற்று உடம்பு இன்னும் தேறவில்லை. ஐப்பசி அடைமழை வேறு. குழந்தை பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் கத்தியது. ஒருநாள் அது கண் அசரும் நேரம் பார்த்துச் சுடர் ஆரம்பித்தது.

"ஆத்தா, மேல வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்காம்."

"மெதுவாப் பேசு. பிள்ள எந்திரிச்சிரும்."

"ஒண்ணு கறுப்பு, இன்னொண்ணு..."

குழந்தை வீறிட்டது. ஒச்சம்மாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "சனியனே, ஒழிஞ்சு போ!" என்று வாயால் ஊதிவிட்டாள்.

சுடர் போய்விட்டது. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது நெருப்பின் குணம். மூத்தது போனபின் இளையதுகள் தங்குமா? விடிந்து பார்த்தால் ஊரில் எந்த அடுப்பிலும் கங்கு இல்லை. தீ உண்டாக்கக் கட்டை கடைந்து பார்த்தார்கள். கை கன்றியதுதான் மிச்சம். குழந்தைக்கு அனல் காட்ட வழியில்லை. அதன் உதடு நீலம் பாரித்து, அழுகையும் நின்றுபோனது. ஒரு தடவை கத்த மாட்டாளா என்று பெற்றவள் ஏங்கினாள்.

"மலை உச்சிப் பாறைக்குள்ள போய் உக்காந்திருக்கு" என்று துப்புச் சொன்னது சுவர்ப் பல்லி. ஒச்சம்மா குழந்தையை மாராப்புக்குள் பொதிந்துகொண்டு மழையோடு மலையேறினாள்.

"வந்துரு" என்றாள் பாறையிடம்.

"பக்கத்து வீட்டுக்குப் போறவளக்கூடப் போயிட்டு வான்னுதான சொல்லுவீக?" என்றது சுடர் உள்ளிருந்து. "எனக்கு மட்டும் திரும்பி வர வழியில்லாத சொல்லாச் சொல்லிட்டியே ஆத்தா. எச்சில் மூச்சால ஊதிட்டியே."

"தப்புத்தான். எனக்காக வர வேணாம். இந்தா, இவளுக்காக வா."

பாறை இடுக்கு வழியே சுடர் குழந்தையை எட்டிப் பார்த்தது. பிறகு, "வர்றேன். ஆனா பிள்ள தூங்கணும்ல? இனிமே பேச மாட்டேன்" என்றது.

மடியில் நனையாமல் வைத்திருந்த தேங்காய் நாரில் பொறி விழுந்தது. அதை ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தாள். அனல் பட்டதும் குழந்தை உதடு சிவந்து, ஊரே கேட்கும்படி கத்தியது.

அன்றிரவு ஒச்சம்மா விளக்கிடம் என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள். சுடர் ஆடியது, வாய் திறக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. படுக்கும் நேரத்தில் தன்னையறியாமல் விளக்கை ஊத உதடு குவிந்துவிட, பதறிக் கையால் பொத்திக்கொண்டாள். வாசலில் போய் ஒரு நந்தியாவட்டையைப் பறித்துவந்து திரியின்மேல் வைத்தாள். "குளுந்து இரு தாயி. போயிட்டு நாளைக்கு வா." பதிலுக்காகக் கொஞ்ச நேரம் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்று முதல்தான் நம் வீட்டுப் பெண்கள் விளக்கை ஊதாமல் பூவால் குளிரவைக்கிறார்கள். தானாக நின்றாலும் 'மலையேறிவிட்டது' என்கிறார்கள். சுடரும் மறுநாள் தவறாமல் வந்துவிடுகிறது, பேசுவதுதான் இல்லை.